வள்ளியின் கையைப் படம் எடுத்த கதிர்

என் குருவிக்குஞ்சே,

நீ போனபிறகு உன்னிடம் சொல்ல எவ்வளவோ இருந்தும் பேனா எடுக்கவில்லை. இப்போது எடுத்தே ஆக வேண்டும். உன் மகள் வள்ளி, புளி உலுக்க மரம் ஏறியவள், விழுந்து கையை ஒடித்துக்கொண்டாள்.

பயப்படாதே. முழுதாகக் கேள்.

உன் வீட்டுக்காரர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினாரே தவிர, ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக மாட்டேன் என்றார். அங்கே எக்ஸ்ரே கதிர் பாய்ச்சிப் படம் எடுப்பார்கள் அல்லவா. கையோ வீங்கி, ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டே போனது.

"இன்னா அண்ணி, அந்தக் கதிருதான அவள எரிச்சிது. இப்ப புள்ளையையும் குடுக்கணுமா?" என்றார். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நம்புகிறார்கள். நான் கத்தவில்லை. வேலூரில், ரத்தப் புற்றோடு நீ படுத்திருந்த கட்டிலருகே இருந்து கேட்டதையெல்லாம் உட்காரவைத்துச் சொன்னேன்.

டாக்டரம்மா சொன்னது நினைவிருக்கிறதா? எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் ரத்தம் விளைகிறது, கதிர் பட்டால் சீக்கிரம் வாடுவது அந்த நாற்றுதான் என்று. ஆனால் எல்லாக் கதிரும் ஒன்றில்லை. படம் எடுக்கிற கதிர் சாமைக்காட்டில் விழும் தூறல். ஒன்றிரண்டு சாய்ந்தாலும் நிமிர்ந்துகொள்ளும். உனக்கு வைத்ததும் கிட்டத்தட்ட அதே சாதிதான், ஆனால் அடைமழை. இடைவெளி விட்டு விட்டு வைத்தார்கள், நுரையீரல் தேறிக்கொள்ளட்டும் என்று. மஜ்ஜை மட்டும் தேறாது. தேறவும் கூடாது. கெட்டதை அழித்தால்தானே என் மஜ்ஜையை விதைக்க முடியும்?

இன்னொரு சாதி உண்டாம், ஆலங்கட்டி மாதிரி. வெளியே இருந்தால் ஒரு காகிதத்தைக்கூடத் தாண்டாது. அதை உமிழும் தூசு உள்ளே போய் எலும்பில் தங்கிவிட்டால், பக்கத்து நாற்று எழுந்திருப்பது கஷ்டம். அது உன் பக்கமும் வரவில்லை, வள்ளி பக்கமும் வராது.

"கதிரு அவளக் கொல்லல தம்பி. நான் குடுத்தது அவ எலும்புல முளைச்சிது. நடுவுல வந்த காய்ச்சல்தான் கொண்டுபோச்சு" என்றேன்.

வள்ளியின் பத்தைக் கட்டை மெல்லத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "ஜீப்பு எங்க நிக்குதுன்னு பாக்கறேன்" என்று எழுந்தார்.

ஆலங்காயத்தில் எங்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். அன்று உனக்காக நின்றது போலவே நின்றேன். வள்ளி அதற்குள் வெளியே வந்து, "இதுக்கா பயந்த? நீயும் ஒண்ணு எடுத்துக்கோப்பா" என்றாள். அவர் சிரித்துவிட்டார். நீ போனபிறகு அந்த மனுஷன் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன்.

எலும்பை நேராக்கி மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். கை சரியாகிவிடும். இனி ஊரில் யார் கதிர் என்று பயந்தாலும் நானே கூடப் போய் அந்தக் கதவருகே நிற்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

திரும்பி வரும்போது வள்ளி என் மடியில் சாய்ந்து, "எனக்கு வலிக்கவே இல்ல பெரிம்மா. அம்மாவுக்கும் வலிக்கலதான?" என்றாள். உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

வலிக்கவில்லைதானே, குருவி?

உன் எலும்பில் முளைத்தவள்,
அக்கா பச்சையம்மா