உன் நைஸுக்கு ஒரு பக்கம்

என் அம்மா, என் ராசாத்தி,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக அம்மியைக் கழுவித் தேங்காய்ச் சம்பல் அரைத்தேன். வீட்டில் கிரைண்டர் இருக்கிறது. ஆனாலும் உன் சம்பல் வேண்டும் போலிருந்தது. தொட்டு நாக்கில் வைத்ததும் உன் குரல்தான் கேட்டது: “என்னாடி இது, கரகரங்குது? நைஸா அரைன்னா ஒனக்கு வெளங்காதா?”

லிந்துலைப் பள்ளியில் ஆங்கிலம் படிப்பிக்கும் உன் மகள் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறாள் அம்மா. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கான ஆங்கிலக் கைநூல். அதில் ஒரு பக்கம் முழுக்க உன்னுடைய நைஸ்தான்.

அந்த ஆங்கிலச் சொல்லின் கதையைக் கேட்டால் சிரிப்பாய். லத்தீனில் ‘ஒன்றும் அறியாதவர்’ என்ற பொருளில் பிறந்ததாம். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது ‘முட்டாள்’. பிறகு கூச்சக்காரர், எதையும் லேசில் ஏற்காதவர், மிக நுணுக்கமானது என்றெல்லாம் மாறி, கடைசியில்தான் நல்லது, இனிமையானது என்று ஆனது. அது மலையேறி நம் லயத்து வரிசை வீடுகளுக்கு வந்த கதை நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை.

உன் வாயில் அது சம்பலின் பதம். தீபாவளிச் சேலையின் வழுவழுப்பு. நைய அரைப்பது என்ற நம் பேச்சும் அதில் கலந்திருக்குமோ? கொழுந்து நிறுக்கும் இடத்திலோ அது எச்சரிக்கை. “கணக்கப்பிள்ள இன்னிக்கு நைஸா பேசுறாரு. முள்ளப் பாத்துக்கங்கடி” என்று பக்கத்தில் நிற்பவர்களிடம் முணுமுணுப்பாய். தராசு முள் காட்டியதை அவர் அப்படியே எழுதும்வரை, இறக்கிய கொழுந்துச் சாக்கிலிருந்து கையை எடுக்கமாட்டாய். பின்னால் வரிசையே கத்தினாலும் சரி.

நேற்று, புத்தகத்தை அச்சிடவிருக்கும் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். எல்லாவற்றையும் பாராட்டினார். தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, “டீச்சர், அந்த ஒரு பக்கத்த மட்டும் எடுத்துடுங்க. லயத்துப் பேச்செல்லாம் இங்கிலீஷ் புத்தகத்துல எதுக்கு? எடுத்தீங்கன்னா அடுத்த ஸ்கூல் தவணைக்கே வந்துடும்” என்றார். எடுக்காவிட்டால்? அதை அவர் சொல்லவில்லை. சிரித்தார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினேன்.

என் பெயர் போட்டு வரும் முதல் புத்தகம். ஆசை இல்லை என்றால் பொய். ஆனால் சம்பலை மறுபடி அம்மியில் போட்டபோது, குழவியைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தேன். சாக்கைப் பிடித்திருந்த உன் கை அப்படியே. லத்தீனுக்கும் பிரெஞ்சுக்கும் இடமிருக்கிற பக்கத்தில் உனக்கு மட்டும் இல்லையா?

இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, உன் மருமகனிடம்கூட. அந்தப் பக்கம் இருக்கும். அவர்கள் மறுத்தால் ஹட்டன் நகரில் நானே அச்சடிப்பேன். தாமதமானால் ஆகட்டும். முதல் பிரதியை எடுத்துக்கொண்டு உன்னைப் புதைத்த தேயிலை மலைக்கு வருவேன். கொழுந்து பறிக்கிறவர்கள் நிமிர்ந்து பார்க்கும்படி அந்தப் பக்கத்தை உரக்க வாசிப்பேன்.

சம்பலை இரண்டாம் முறையில் நைஸாக அரைத்துவிட்ட
உன் மூத்த மகள்