யுவ வருடத்தில் நினைத்த காரியம்

கோப்பாய்,
16.04.1995.

தயாளினியின் அப்பாவுக்கு,

புதுவருடம் பிறந்து இரண்டு நாள் கழித்து இதை எழுதுகிறேன். மாமாவும் பிள்ளையும் நானும் சுகம். அந்தக் குளிரில் உங்கள் நெஞ்சுச் சளி எப்படி இருக்கிறதோ என்பதுதான் எனக்கு யோசனை.

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தோம். ஜேர்மனியில் தை முதலாம் திகதி எல்லோரும் ‘இந்த வருடம் இதைச் செய்வேன்’ என்று மனதில் ஒன்றை எடுத்துக்கொள்வார்கள் என்றும், நீங்கள் சிகரட்டை விடுவதாக எடுத்துக்கொண்டு மாசியிலேயே திரும்பப் பற்றவைத்துவிட்டீர்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். மகன் எழுதியதைக் கேட்டு மாமா விழுந்து விழுந்து சிரித்தார். சித்திரைப் பிறப்புக்கு நாங்கள் ஒவ்வொருவரும் என்ன நினைத்தோம் என்று எழுதச் சொல்லியிருந்தீர்கள். அதைத்தான் எழுதப் போகிறேன்.

தையில் சண்டை நின்றதிலிருந்து கொஞ்சம் மூச்சு விடுகிறோம். சவர்க்காரமும் நெருப்புப்பெட்டியும் கடைகளுக்கு வந்துவிட்டன. ஆனாலும் விமானச் சத்தம் இல்லாத வானத்தைப் பார்க்க எனக்கு ஏனோ பயமாகவே இருக்கிறது. பதுங்குகுழியை மூடிவிட்டு மேலே கீரை போடுவோமா என்று மாமாவைக் கேட்டேன். “கிடக்கட்டும் பிள்ளை” என்றார்.

வருடப்பிறப்பன்று கோயிலில் வாங்கிய மருத்துநீரைத் தலையில் வைத்து முழுகினோம். மாமாவிடம் உங்கள் கேள்வியைச் சொன்னேன். “நினைக்கிறதை வெளியிலை சொல்லப்படாது. செய்துபோட்டுச் சொல்லவேணும்” என்று சொல்லிவிட்டு, நல்ல நேரத்துக்குத் தோட்டத்தில் இறங்கிக் கிழக்கே பார்த்து நாலு கொத்துக் கொத்தினார். அவருடைய புதுவருடம் அவ்வளவுதான்.

நான் நினைத்தது உங்களுக்குத் தெரியும். வைகாசி முடியமுன் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கிளாலிக் கடலைப் படகில் கடந்து கொழும்புக்குப் போய், அங்கிருந்து உங்களிடம் வருவது. இங்கிருந்து வெளியேற இயக்கத்திடம் பாஸ் எடுக்கவேணும், நாங்கள் திரும்பி வருவோம் என்று மாமாவே பிணை நிற்பதாகச் சொல்லிவிட்டார். தான் இங்கே தனிக்கப் போவதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. பொங்கல் பானை பொங்கி வரும்போது இதை நினைத்தே கும்பிட்டேன்.

தயாளினியிடம் அதைச் சொன்னேன். “நீங்கள் போங்கோ அம்மா. நான் பிறகு வாறன்” என்றாள். பிறகென்றால் எப்போது என்று கேட்டேன். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு முற்றம் கூட்டப் போய்விட்டாள்.

வழமையாக வருடப்பிறப்பன்று நல்ல நேரத்தில் ஒரு புத்தகத்தை எடுத்து ஒரு பக்கமாவது வாசிப்பாளே, இம்முறை அது இல்லை. புத்தகங்களையெல்லாம் தகரப் பெட்டியில் அடுக்கி, வேப்பிலை போட்டு மூடினாள். பள்ளிக்கூடச் சோதனை வருகிற நேரத்தில் இது என்ன வேலை என்று ஏசினேன். “கறையான் அரிக்குது அம்மா” என்றாள். மாமா கொடுத்த கைவிசேடக் காசைக் கண்ணில் ஒற்றிவிட்டு அவர் கையிலேயே திருப்பி வைத்து, “எனக்காக நீங்கள் வைச்சிருங்கோ அப்பப்பா” என்றாளாம். அப்பா கேட்டிருக்கிறாரே, நீ என்ன நினைத்தாய் என்று கேட்டேன். “இந்த வருஷம் ஒண்டுக்கும் பயப்பிடுறேல்லை எண்டு எழுதுங்கோ” என்றாள். எழுதிவிட்டேன்.

அடுத்த வீட்டுக் கமலாவதி அக்காவின் மகள் சுகிர்தாவை நினைவிருக்கும். இரண்டு வருடத்துக்கு முன் இயக்கத்துக்குப் போராடப் போன பிள்ளை. சண்டை நின்றதால் பங்குனியில் ஒரு நாள் வீட்டுக்கு வந்து நின்றாள். எங்கள் வீட்டில்தான் மத்தியானம் சாப்பிட்டாள். பிறகு அவளும் தயாளினியும் கிணற்றடியில் இருந்து பொழுதுபடும்வரை கதைத்தார்கள். நான் தண்ணீர் அள்ளப் போனபோது கதையை நிறுத்திவிட்டார்கள். பழைய சிநேகிதிகள், எத்தனையோ இருக்கும்.

குருநகர் வின்சன்ற் அண்ணை நாளைக்குக் கொழும்பு போகிறார். இதை அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். பிள்ளைக்கு நாலு வரி புத்தி எழுதுங்கள். நான் சொன்னால் சிரிக்கிறாள், நீங்கள் சொன்னால் கேட்பாள்.

பாலேஸ்வரி


கோப்பாய்,
03.05.1995.

தயாளினியின் அப்பாவுக்கு,

திரும்பவும் சண்டை தொடங்கிய செய்தி அங்கேயும் வந்திருக்கும். கிளாலியில் படகு இல்லை என்கிறார்கள். இதைத் தபாலில்தான் போடுகிறேன். எப்போது உங்கள் கைக்கு வருமோ தெரியாது. இருந்து வாசியுங்கள்.

திருகோணமலையில் கப்பல்கள் வெடித்ததை றேடியோவில் கேட்ட மறுநாள் காலை, பிள்ளை ரியூசனுக்கென்று சைக்கிளில் வெளிக்கிட்டாள். படலையில் நின்று “அம்மா, போட்டு வாறன்” என்றாள். அடுப்படியில் நின்றபடியே ஓம் என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை. மத்தியானம் கமலாவதி அக்கா அந்தச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். அவர் வாய் திறக்கமுன்பே, பிள்ளையும் இயக்கத்துக்குப் போய்விட்டாள் என்று எனக்கு விளங்கிவிட்டது.

அக்காவும் நானும் விசாரித்து விசாரித்து, கடைசியில் கொடிகாமத்துக்கு அங்கால் இயக்கம் வைத்திருந்த ஒரு தென்னந்தோப்பு வீட்டு வாசலில் போய் நின்றோம். எங்களைப் போல வேறு தாய்மாரும் நின்றார்கள். ஒருத்தி மண்ணை அள்ளித் தூற்றினாள். எனக்கு அழுகைகூட வரவில்லை. வெயில் சாயும் நேரத்தில் எங்களைப் பார்க்கப் பிள்ளையை வெளியே விட்டார்கள். தலைமயிரைக் கழுத்தோடு வெட்டியிருந்தார்கள். நீங்கள் கண்டால் உங்கள் மகள் என்று மட்டுக்கட்ட மாட்டீர்கள்.

வீட்டுக்கு வா என்று கையைப் பிடித்தேன். கையை இழுக்கவில்லை. “அம்மா, சண்டை திரும்பத் தொடங்கியிட்டுது. ஆரோ பெத்த பிள்ளையள் போகட்டும் எண்டு நான் ஜேர்மனியிலை போய் இருக்கேலாது. சுகிர்தா வந்து நிண்ட அண்டைக்கே நினைச்சிட்டன். நீங்கள் அப்பாட்டைப் போங்கோ” என்றாள். குரல் நடுங்கவில்லை. ஆனால் என் கையை அவள் இறுக்கிப் பிடித்தபடியே நின்றாள். அது எனக்கு மட்டும்தான் தெரியும். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, போய்விட்டாள்.

மாமா அன்றிலிருந்து தோட்டத்துக்கு இறங்கவில்லை. மிளகாய்க் கன்றுக்கு நான்தான் தண்ணீர் விடுகிறேன். தான் பிணை நிற்பதாகச் சொன்னதையே சொல்லிச் சொல்லி இருக்கிறார். இரவில் பலாலி ஆமி முகாம் பக்கம் வானம் வெளிச்சமாகிறது. சத்தம் கேட்கும்போது குழிக்குள் இறங்குகிறோம். இறங்கியதும் அவள் எங்கே படுத்திருப்பாள் என்றுதான் முதலில் நினைப்பு வரும்.

நான் வரமாட்டேன். கோபிக்கவேண்டாம். பாதை திறந்தாலும் வரமாட்டேன். என்றைக்காவது ஒரு நாள் விடுமுறை கொடுத்து அந்தப் பிள்ளை படலையைத் திறந்தால், வீட்டில் ஆள் இருக்கவேணும். இந்த வருடம் நான் நினைத்தது போகட்டும், இதுதான் இப்போது என் நினைப்பு.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அவளுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள். ஏசவேண்டாம், திரும்பி வா என்றும் எழுதவேண்டாம். சாப்பிட்டாயா என்று கேளுங்கள், அந்த ஊர்ப் பூக்களைப் பற்றி எழுதுங்கள். அங்கே அவளுக்கு வேறு பெயர் வைக்கப்போகிறார்களாம். நீங்கள் நாங்கள் வைத்த பெயரையே எழுதுங்கள். எப்படியும் அவள் கையில் சேர்ப்பிப்பேன்.

அம்மாள் உங்களையும் அவளையும் காக்கட்டும். பிந்தாமல் எழுதுங்கள்.

தயாளினியின் அம்மா