பாய் போட்ட டபுள் தையல்

புதன்கிழமை, இரவு

நாளை மதியம் ரயில். பனிமலைப் பயிற்சிக்கு வாங்கிய பேண்ட் ஒழுகுகிறது.

மழைக்கும் பனிக்கும் சேர்த்து ஒரே பேண்ட்தான் என்னால் வாங்க முடியும். பைக்கில் போகிறவர்கள் போடும் ரெயின்கோட் பேண்ட் விலை குறைவு. ஆனால் மலை ஏறும்போது உள்ளே வேர்த்து நனைந்துவிடும். போன வருடம் அப்படித்தான் கால் மரத்துப்போய், பாதியிலேயே திருப்பி அனுப்பினார்கள். அதனால் இந்த முறை தண்ணீர் உள்ளே வராத, வேர்வை வெளியேறுகிற ஒரு நல்ல பேண்ட்டாகத் தள்ளுபடியில் பார்த்து வாங்கினேன். ஆண்கள் அளவு, தொளதொளவென்று இருந்தது. எந்தப் பேண்ட் வாங்கினாலும் நேரே பழங்காநத்தம் தையல்கடை பாயிடம் கொடுப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். யோசிக்காமல் இதையும் கொடுத்தேன்.

"இம்புட்டு லூசா இருந்தா தடுக்கி விழுந்துருவ தாயி. டபுள் தையல் போட்டிருக்கேன், கிழியவே கிழியாது," என்றார். மலைக்குப் போகிற பிள்ளையிடம் காசு வாங்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

இன்று மாலை அதையும் காலுறையையும் போட்டுக்கொண்டு குளியலறையில் நின்று தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஊசி போன ஒவ்வொரு ஓட்டையிலும் இறங்கியது. தையல் மேல் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டு மறுபடி ஊற்றினேன். அப்போதும் இறங்கியது. இன்னொன்று வாங்க வழியில்லை. இந்த முறையும் திரும்பி வந்தால் இனிமேல் பயிற்சிக்குக் கூப்பிட மாட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து பாய் போன் செய்தார். "பேண்ட்டு சரியா இருக்கா தாயி?"

"கச்சிதமா இருக்கு பாய்," என்றேன். அதைச் சொல்லும்போது தண்ணீர் முழங்காலைத் தாண்டிக் காலுறைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.