நான் அனுப்பிய இருபது விநாடி

சார்,

பழைய போனைக் கொடுத்துப் புதுசு வாங்கலாம் என்று நேற்று தண்டையார்பேட்டையில் ஒரு கடைக்குப் போனேன். உள்ளே இருந்த வீடியோக்களைத் தள்ளிக்கொண்டே வந்த கடைக்காரர் ஓரிடத்தில் நின்றார். "யாருண்ணே இது? டம்ளர்ல பேசிகினு கீறாரு!" என்று சிரித்தார். நீங்கள்தான் சார். போனைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திருவொற்றியூர் வரை பஸ்ஸில் நின்றே வந்தேன். உட்கார இடம் இருந்தது.

கொரோனாவில் கல்லூரிகள் பூட்டிக் கிடந்த அந்த வருஷம் என் மகள் பவானி கப்பல் துறைப் படிப்பில் சேர்ந்திருந்தாள். கப்பலில் பேசுவதற்கென்றே தனி இங்கிலீஷ் இருப்பது உங்கள் ஆன்லைன் வகுப்பில்தான் எனக்குத் தெரிந்தது. நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். பத்தாவது இங்கிலீஷை இரண்டாம் தடவையில் தாண்டியவன். அவள் சிக்னல் தேடி மொட்டைமாடியில் லேப்டாப்போடு உட்கார்ந்தால், துணி காயப்போடுகிற சாக்கில் பின்னால் நானும் ஒரு மாணவன்.

நீங்கள் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தேன். அறுபது பிள்ளைகளில் முகம் காட்டியவர்கள் நாலு பேர். நீங்கள் கேள்வி கேட்டு, பதில் வருவதற்குள் கீழே ரோட்டில் இரண்டு டிரெய்லர் போய்விடும். "கேக்குதா? யாராவது ஒருத்தர் கேக்குதுன்னு சொல்லுங்கப்பா" என்று கெஞ்சுவீர்கள். ரேடியோவில் பேசப் பழக்க ரேடியோ இல்லை. அதனால் ஒருநாள் வீட்டு எவர்சில்வர் டம்ளரை வாயருகே பிடித்து, "மேடே, மேடே, மேடே!" என்று, கப்பல் மூழ்குவதாக இங்கிலீஷில் கத்தினீர்கள். உள்ளே குக்கர் விசில் அடித்தது. அசராமல், "அதுதான் எங்க கப்பல் சங்கு" என்றீர்கள். பிள்ளைகள் மைக்கைப் போட்டுச் சிரித்தார்கள். பவானி அன்றைக்குத்தான் முதன்முதலாக வாய் திறந்து பதில் சொன்னாள்.

நான் என்ன செய்தேன்? அவள் தோளுக்குப் பின்னாலிருந்து அதில் இருபது விநாடியை எடுத்து, எங்கள் கிரேன்காரர்கள் குரூப்பில் போட்டேன். 'கப்பலையே பாக்காத வாத்தியாரு கப்பல் ஓட்டுறாரு' என்று கீழே எழுதினேன். 'மாமு, கப்பல் குக்கருக்குள்ள மூழ்கிகினு கீதா?' என்று ஒருவன் பதில் போட்டான். என் ஜோக்குக்கு அத்தனை பேர் அதற்கு முன் சிரித்ததே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

நாலாம் நாள் அது ஊரைச் சுற்றி உங்கள் மாணவர்களின் போனுக்கே வந்துவிட்டது. அடுத்த வகுப்பில் உங்கள் முகம் இல்லை. ஒரு வட்டம், அதற்குள் உங்கள் பெயரின் முதல் எழுத்து. டம்ளர் இல்லை, சங்கு இல்லை. புத்தகத்தை அப்படியே வாசித்தீர்கள். "சாரு வாயப் பாத்தாதாம்பா எனக்குப் புரியும்" என்று பவானி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். பேச்சுத் தேர்வில் தேறாவிட்டால் அவள் படிப்பு அதோடு நின்றுவிடும். "எவனோ கலீஜ் புடிச்சவன் பண்ண வேல" என்று அந்த எவனையோ நானும் ஊரோடு சேர்ந்து திட்டினேன். வாய் கூசவில்லை.

அந்த வாரமே நீங்கள் எனக்குப் போன் செய்தீர்கள். உயிர் போய் வந்தது. "ஐயா, நீங்க துறைமுகத்துல வேலை செய்றீங்களாமே. நான் ஒயர்லெஸ்ஸைத் தொட்டதுகூட இல்லை. நிஜத்துல எப்படிப் பேசுவாங்கன்னு சொல்லித்தர முடியுமா?"

ஐயா! என்னை!

"பட்டன அமுக்கினதும் பேசக்கூடாது சார். ஒரு மூச்சு வுட்டு அப்பறம் பேசணும். இல்லாங்காட்டி மொத வார்த்த அந்தாண்ட போவாது."

"அடடா, நம்ம ஆன்லைன் கிளாஸும் இதே கதைதான்யா" என்றீர்கள். மறுநாளிலிருந்து பிள்ளைகளையும் மைக்கைப் போட்டு ஒரு மூச்சு விட்டுப் பேசச் சொன்னீர்கள். அரைகுறையாக வந்த பதில்கள் முழுசாக வந்தன. இதைச் சொல்லிக்கொடுத்தது பவானியின் அப்பா என்று வகுப்பில் வேறு சொல்லிவிட்டீர்கள். நான் காயப்போட்ட போர்வைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அடுத்த வாரம் உங்கள் முகம் திரும்பி வந்தது. ஆறு ஞாயிற்றுக்கிழமை பேசினோம். பவானி தேறினாள்.

இன்று அவள் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் உட்கார்ந்து கப்பல்களோடு பேசுகிறாள். போன வருஷம் நீங்கள் தவறிய செய்தி வந்தபோது அவள்தான் மாலையோடு போனாள். நான் முட்டி வலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். முட்டி நன்றாகத்தான் இருந்தது.

நேற்று வேலை முடிந்து வந்தவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"தெரியும்பா. அதுல நம்ம மாடித் தொட்டி தெரியுது."

"சாருக்கு?"

"நாந்தான் சொன்னேன். போன் பண்ணி அழுதேன்."

"இன்னா சொன்னாரு?"

"'உங்க அப்பாவுக்கு ஒயர்லெஸ்ல பேசுற வேலை தெரியும்மா, அதான் சிரிப்பு வந்திருக்கு. நம்பர் குடு'ன்னாரு."

ஆறு ஞாயிறும் தெரிந்துதான் பேசியிருக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் வைப்பதற்கு முன், "வேற ஏதாவது சொல்லணுமாய்யா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பீர்கள். சிக்னல் இழுக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். "அவ்ளோதான் சார்" என்று நானே கட் செய்துவிடுவேன்.

இன்று காலை கிரேனில் இருந்தேன். கீழே நிற்கிற கூட்டாளி ஒயர்லெஸ்ஸில், "வேற ஒண்ணும் இல்லியே மாமு?" என்றான். தினமும் கேட்கிற கேள்விதான். பட்டன்மேல் விரலை வைத்தேன், அமுக்கவில்லை.

"இன்னா மாமு, தூங்கிட்டியா?" என்றான்.

தூங்கவில்லை சார்.