வராதேங்கோ என்று சொல்லும் வாசல்

மிஸ்,

இன்றைக்குப் பத்து மணிபோல் மழை பிடித்துக்கொண்டது. உங்கள் குடையை விரித்தேன். பதினொரு மாதமாக அது அலுமாரிக்குப் பக்கத்து ஆணியில் தொங்கியது, ஒருவரும் தொடவில்லை. விரித்ததும் இனிப்புச் சுற்றுகிற ஒரு ரொபித் தாள் விழுந்தது. கூடவே நீங்கள் நெற்றியில் பூசுகிற தைலத்தின் மணமும் வந்தது. முறிந்த கம்பி முறிந்தபடிதான். "மிஸ்ஸின்ரை குடை செட்டை முறிஞ்ச கொக்கு" என்று நான் பகிடி பண்ணினால் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். அந்த மணத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் றெஜினா, "அக்கா, பூநகரி பஸ் போகப்போகுது" என்றாள்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழை கண்டால் சிரியுங்கள். சிரிக்க வேண்டாமென்று நான் உங்களுக்கு ஒருநாளும் சொன்னதில்லையே.

மனவருத்தக்காரருக்கான இந்தப் பகல் நிலையத்துக்கு என்னைக் கூட்டிவந்தபோது அயலுக்குள் எல்லோருக்கும் ஆச்சரியம். நாள் முழுக்கப் பல்லைக் காட்டிக்கொண்டு திரிகிறவளுக்கு என்ன வருத்தம் என்று கேட்டார்கள். நான் இரண்டு பேருக்குச் சோறு காய்ச்சி, இரண்டாவது சாப்பாட்டுக் கோப்பையை மூடி வைத்து, விடிய நாய்க்குக் கொட்டுவது அவர்களுக்குத் தெரியாது. முதல் நாள் உங்களுக்குச் சொன்னதும் பகிடிதான். "என்ரை மனுசன் தண்ணி எடுத்துக்கொண்டு வாறன் எண்டு பிளாஸ்டிக் கானோடை போனவர் மிஸ். ஆள் வராட்டிலும் கானாவது வந்திருக்கலாம். நல்ல கான்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டுக்கொண்டு, "என்ன நிறக் கான் அக்கா?" என்று கேட்டீர்கள்.

மஞ்சள் என்று சொல்ல வாயைத் திறந்தவள்தான். மத்தியானச் சாப்பாடு வரைக்கும் என் அழுகை நிற்கவில்லை. நீங்களும் எழும்பிப் போகவில்லை.

உங்கள் வைத்தியம் அப்படித்தான். றெஜினா வந்த புதிதில் ஆறு மாதம் வாயே திறக்கவில்லை. கடற்கரைப் பிள்ளை என்று கேள்விப்பட்டு எங்கிருந்தோ ஒரு கிழிந்த வலையைக் கொண்டுவந்து, அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தியிருந்து முடிச்சுப் போட்டுப் பொத்தத் தொடங்கினீர்கள். நடிப்பென்று நான் நினைத்தேன். இல்லை, உங்களுக்கு உண்மையாகவே முடிச்சுப் போட வராது. நாலாம் நாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. "அப்பிடியில்லை" என்று வலையைப் பறித்தாள். அவள் வாயிலிருந்து வந்த முதல் சொல் அதுதான். நீங்கள் குசினிக்குள் ஓடிவந்து என் தோளில் முகத்தை வைத்து அழுதீர்கள். உங்கள் மூக்கைத் துடைக்க நான் அடுப்புத் துணியைத்தான் தந்தேன். கரியோடு வெளியே போனீர்கள்.

ஆஸ்பத்திரியை விட்டு வெளிக்கிடும்போது "போய்ட்டு வாறன்" என்று சொல்லக் கூடாது என்பது எங்கள் சனத்தின் பழக்கம். சொன்னால் திரும்பவும் நோய் வருத்தத்தோடு வரவேண்டி வருமாம். அதையே எங்கள் வாசலுக்கு ஒரு சடங்காக்கினீர்கள். சுகமாகி முடிக்கிற ஆள் வாசல் படலையில் நின்று கைகூப்பி, "போறன்" என்று சொல்லவேண்டும். நாங்கள் எல்லோரும் ஒன்றாக, "வராதேங்கோ" என்று சொல்லிக் கை தட்டவேண்டும். உலகத்திலேயே அந்தச் சொல்லைக் கேட்டுச் சந்தோசமாகப் போன ஆட்கள் இந்த வாசலால் போனவர்கள்தான்.

எனக்கு மட்டும் அது வரவில்லை. "எப்ப அக்கா 'போறன்' சொல்லப் போறியள்?" என்று மாதத்துக்கு ஒரு தடவை கேட்பீர்கள். நான் போனால் உங்களுக்கு ஆர் பகிடி சொல்லுறது என்று மழுப்புவேன். கடைசியில் என்னைத் தேத்தண்ணி ஊற்றுகிற வேலைக்கு எடுத்துவிட்டீர்கள்.

பிறகு அந்த நாள். கொழும்புக்குப் போக வாகனம் வந்து நின்றது. வயிற்றில் ஒரு சின்னக் கட்டி, சின்ன ஒப்பரேஷன், இரண்டு கிழமையில் வந்துவிடுவேன் என்றீர்கள். பெண்டுகள் மூக்கை உறிஞ்சத் தொடங்கியதும் எனக்குப் பொறுக்கவில்லை. படலையில் நின்று "போய்ட்டு வாறன்" என்று நீங்கள் சொன்னதும் நான் குறுக்கே விழுந்தேன். "ஆஸ்பத்திரிக் கதையிலை அந்தச் சொல் கூடாதெண்டு ஆர் சொல்லித் தந்தது? வடிவாச் சொல்லுங்கோ மிஸ்."

நீங்கள் பணிவான பிள்ளை போலக் கைகூப்பினீர்கள். "சரி அக்கா. போறன்."

நாங்கள் எல்லோரும் ஒன்றாக "வராதேங்கோ" என்று சொல்லிக் கை தட்டினோம்.

ஆஸ்பத்திரியை விட்டுப் போகிறவர்களுக்கான சொல் மிஸ் அது. ஆஸ்பத்திரிக்குப் போகிற உங்கள் வாயில் அதை வைத்தவள் நான். உங்கள் உயிரைக் கொண்டுபோனது வயிற்று வருத்தம்தான், சொல் இல்லை என்று இப்போது வருகிற புது மிஸ் சொல்கிறா. நல்ல பிள்ளை. ஆனால் என்ன நிறம் என்று கேட்கத் தெரியாது. அன்றைக்குப் பிறகு ஆராவது முடித்துப் போகிற நாளில் நான் குசினிக்குள் சட்டி தேய்ப்பேன். கை தட்டுகிற சத்தம் கேட்கக் கூடாதென்று தண்ணீரைத் திறந்துவிடுவேன்.

இன்றைக்கு றெஜினாவின் முறை. மழைக்கு மற்றவர்கள் உள்ளே நின்றே கை தட்டிவிட்டார்கள். அவளைக் குடையோடு அனுப்பினால் குடையைத் தரவென்று திரும்பி வருவாள். அதனால் நானே கூட்டிக்கொண்டு போனேன். முறிந்த கம்பிப் பக்கம் நனைந்தது என் தோள். பஸ் வந்தது. மிதிபலகையில் ஏறி நின்று, "போறன் அக்கா" என்றாள். நான் முறிந்த கம்பியை நிமிர்த்தப் பார்த்தேன். கொண்டக்டர் மணியடிக்கிறான். அவள் உள்ளே போகாமல் நீங்கள் பார்க்கிறமாதிரியே என்னைப் பார்த்தாள்.

"சொல்லுங்கோ அக்கா. நீங்கள் சொல்லாட்டி நான் திரும்பி வந்திடுவன்."

"போ," என்றேன். "வராதை. வந்தியெண்டால் தேத்தண்ணி தரமாட்டன்."

சிரித்துக்கொண்டே போனாள் மிஸ். ஆறு மாதம் வாய் திறக்காத பிள்ளை, பஸ்ஸுக்குள் ஆரோடோ இடம் கேட்டுக் கதைப்பது வெளியே கேட்டது.

குடையைக் காயவைத்து ஆணியில் திரும்பக் கொழுவிவிட்டேன். ரொபித் தாளை எறிய மனம் வரவில்லை, உள்ளேயே வைத்தேன். பின்னேரம் கதவைப் பூட்டுகிறவள் நான்தான். ஒவ்வொரு நாளும் அந்த ஆணியைப் பார்த்து, "போய்ட்டு வாறன் மிஸ்" என்று சொல்லிவிட்டுத்தான் பூட்டுகிறேன். என்னுடைய "போறன்" இன்னும் என்னிடமே இருக்கிறது. அதை உங்களுக்குச் சொல்லத்தான் வைத்திருந்தேன்.