ஐந்து மட்டிகளுக்கான சீட்டு

அன்புள்ள அப்பா,

எல்லோரும் தூங்குகிறார்கள். விடிந்ததும் நீங்கள் ஸ்போகேன் நகரிலுள்ள உங்கள் வாடகை அறைக்குக் கிளம்பிவிடுவீர்கள். அதற்குள் இதை உங்கள் ஐஸ்பெட்டியில் வைக்க வேண்டும்.

இன்று கடற்கரையில் நீங்கள் மணலில் தோண்டிய பதினைந்து மட்டிச் சிப்பிகளோடு என்னுடையதில் ஐந்தையும் ரகசியமாகப் போட்டேன். அங்கே தனியாகத்தானே சாப்பிடுகிறீர்கள். அடுத்த நிமிடமே மீன்வள அதிகாரி பக்கத்து வீட்டு ஆர்வோ மாமாவைப் பிடித்தார்.

“ஆளுக்குப் பதினஞ்சுதான்யா. பொண்டாட்டி தோண்டினதைச் சுமந்தாலும் உன் கணக்குத்தான்!”

“அவ சொல்றதைச் சுமக்குறதுதானே சார் என் பொழப்பே!”

“சிரிக்காதய்யா. கொடுக்கணும்னா தனிப் பை, கூடவே சீட்டு.”

ஐந்தையும் இப்போது தனிப் பைக்கு மாற்றிவிட்டேன். இதுதான் சீட்டு: இவை நான் தோண்டியவை, அப்பாவுக்குக் கொடுத்தவை. வழியில் கேட்டால் காட்டுங்கள்.

உங்கள் மட்டி தோண்டும் உரிமத்தைப் பறித்துவிட்டால், இங்கே வர உங்களுக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்கப் பயமாக இருக்கிறது.

உங்கள் செல்ல மகள்