பீலியில் தேய்த்த முதுகு

ஏப்ரல் 20, வெள்ளி

லீவு விட்டால் பன்வில ஊரில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வந்து, மலைத்தண்ணீர் கொட்டும் பீலியில் தினமும் குளிப்பதுதான் எனக்குச் சுகம். சேலை இல்லை, கண்ணாடி இல்லை, பிரம்பு இல்லை.

இன்று பக்கத்தில் குளித்த தோட்டத்துப் பெண் ஒருத்தி, "திரும்புங்க அக்கா, முதுகு தேய்ச்சு விடுறேன்" என்றாள். தேய்த்துக்கொண்டே மகள் கதையைச் சொன்னாள். கண்டியில் ஏழாம் ஆண்டு படிக்கிறாளாம். "கணக்கு டீச்சருக்குப் பயந்து காலையில வாந்தி எடுக்கும். லீவு விட்ட பொறகுதான் ஒழுங்கா சோறு திங்குது."

டீச்சர் பெயரையும் சொன்னாள். என் பெயர்.

பெற்றோர் கூட்டத்துக்கு எப்போதும் புருஷன்தான் போவானாம். அதனால் இவளுக்கு என் முகம் தெரியவில்லை.

"நீங்க என்ன வேலை?" என்று கேட்டாள். தையல் என்றேன். அந்தப் பொய் எப்படி வாயில் வந்ததோ.

அப்போது மகள் குடத்தோடு இறங்கி வந்தாள். என் வகுப்பில் இரண்டாம் வரிசையில் உட்காரும் நிரோஷா.

"இந்த அக்கா தையல் வேலையாம்" என்றாள் தாய்.

நிரோஷா என் முகத்தைப் பார்த்தாள். குடத்தைக் கீழே வைத்துவிட்டு, கணக்குப் பாடத்தில் எழுந்து நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தாய் இன்னும் என் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.